டை ராட் வளைவதற்கு முன்: ஆஃப்ரோடு வண்டியின் ஸ்டீரிங்கைப் பலப்படுத்த முழு வழிகாட்டி

ஒரு கல்லில் இடித்து, முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பியான என் டை ராட் வளைந்த அன்று, வண்டியின் முன் சக்கரம் இரண்டும் ஏதோ ரகசியம் பேசுவதுபோல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அந்த வண்டியில் டை ராட் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கும். வளைந்ததும் நீளம் குறைந்து, சக்கரங்களின் முன்பக்கத்தை உள்ளே இழுத்துவிட்டது. கழற்றி, இரண்டு கல்லுக்கு நடுவே வைத்து, மேலே ஏறி மிதித்து ஓரளவு நிமிர்த்தி, மாட்டி, நடக்கிற வேகத்தில் வீடு வந்து சேர்ந்தேன். மறுநாளே இருப்பதிலேயே தடியான டை ராட்டை வாங்கி மாட்டினேன். அடுத்த முறை அதே மாதிரி ஒரு கல். டை ராட் அசையவில்லை, ஆனால் ஸ்டீரிங் பாக்ஸ் சேசிஸில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் விரிசல் விழுந்தது. வளைந்த கம்பியை மிதித்து நிமிர்த்தலாம், கிழிந்த சேசிஸைக் காட்டுக்குள் வைத்து என்ன செய்வது?

அதனால் எந்தப் பாகத்தை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "உன் வண்டியில் எது முதலில் உடையணும்னு முடிவு பண்ணிட்டியா?" என்பதுதான். ஒரு இடத்தைப் பலப்படுத்தினால் பலவீனம் அடுத்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கையில் இருக்கிற ஸ்பானரை வைத்துச் சரிசெய்யக்கூடிய, பெட்டியில் உதிரி வைத்துக்கொள்ளக்கூடிய பாகத்திலேயே அது நிற்கும்படி பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையின் சூட்சுமம்.

முதலில் பெயர்கள்

ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து வெளியே வரும் கையின் பெயர் பிட்மேன் ஆர்ம். அங்கிருந்து ஒரு சக்கரத்தின் நக்கிளுக்கு, அதாவது சக்கரத்தைத் தாங்கி அதோடு சேர்ந்து திரும்பும் இரும்புப் பாகத்துக்குப் போகும் நீளமான கம்பி டிராக் லிங்க். இரண்டு நக்கிள்களையும் இணைக்கும் கம்பி டை ராட். காயில் ஸ்பிரிங் வண்டிகளில் ஆக்சில் இடம் வலமாக நகராமல் சேசிஸோடு பிடித்து வைக்க இன்னொரு கம்பி உண்டு, அதை டிராக் பார் என்றும் பன்ஹார்ட் ராட் என்றும் சொல்வார்கள். டிராக் லிங்க், டிராக் பார் இரண்டும் தமிழில் ஒரே மாதிரி ஒலிப்பதால் கடையில் ஒன்றைக் கேட்டு இன்னொன்றை வாங்கி வந்தவர்கள் ஏராளம். நான் பன்ஹார்ட் ராட் என்றே எழுதுகிறேன்.

கீழே பெரும்பாலும் முன்பக்கம் சாலிட் ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான ஆக்சில்) இருக்கும் பிக்கப், ஜீப் வகை ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் ஒரு பகுதி தனியாக இருக்கிறது.

காசு எடுப்பதற்கு முன் ஒரு சோதனை

புதுப் பாகம் வாங்குவதற்கு முன் பழையதில் எங்கே ஆட்டம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். வண்டியை ஜாக்கியில் ஏற்ற வேண்டாம், நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். கியர் நியூட்ரல், கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். நண்பர் ஒருவர் இஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீரிங்கை இடமும் வலமும் கால் சுற்று அளவுக்கு ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் முன்பக்கம் படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். பார்த்தால் மட்டும் போதாது, மூட்டின் இரண்டு பாதியையும் சேர்த்து விரல்களால் பிடியுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் மட்டும் கை போக வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் ஆட்டம் விரலுக்கு 'டக்'கென்று தெரியும்.

பார்க்க வேண்டியவை: டை ராட், டிராக் லிங்க் இரண்டின் முனைகளிலும் இருக்கும் மூட்டுகளான டை ராட் எண்டுகள் நான்கும், பிட்மேன் ஆர்ம் ஷாஃப்ட்டில் உட்காரும் இடம், பன்ஹார்ட் ராட்டின் இரு முனைகள், ஸ்டீரிங் பாக்ஸின் போல்ட்டுகள், அதைச் சுற்றியிருக்கும் சேசிஸ். பாக்ஸ் சேசிஸோடு சேர்ந்து மூச்சு விடுவதுபோல அசைந்தால் அங்கே விரிசல் இருக்கிறதா என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள், பெயிண்டுக்கும் சேற்றுக்கும் அடியில் ஒளிந்திருக்கும். அப்புறம் முன் ஆக்சிலை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால், நக்கிள் திரும்பும் மூட்டான பால் ஜாயிண்ட் அல்லது கிங்பின், வீல் பேரிங் இவற்றின் நிலை தெரிந்துவிடும்.

ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டீரிங் பேய் பிடித்ததுபோல உதற ஆரம்பித்து, வண்டியை நிறுத்தும் வரை நிற்காத நோய் ஒன்று சாலிட் ஆக்சில் வண்டிகளில் உண்டு. அதற்குப் பலர் செய்யும் வைத்தியம், ஸ்டீரிங்கின் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பரான ஸ்டீரிங் டாம்பரை மாற்றுவது. டாம்பர் வலியைத்தான் மறைக்கும். காரணம் பெரும்பாலும் பன்ஹார்ட் ராட்டின் போல்ட் ஓட்டை முட்டை வடிவில் தேய்ந்திருப்பது, புஷ் போனது, பால் ஜாயிண்ட் ஆடுவது, கேஸ்டர் (நக்கிள் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்தது, அல்லது டயர் பேலன்ஸ். அதை விட்டுவிட்டுத் தடியான டை ராட் மாட்டினால் அதே உதறல்தான், கொஞ்சம் கனமாக உதறும்.

கம்பியைத் தேர்ந்தெடுப்பது

ஒரு சின்னக் கணக்கு. கம்பி வளையாமல் நிற்கும் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 25 மில்லிமீட்டர் கெட்டிக் கம்பி ஒன்றையும், 38 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 6 மில்லிமீட்டர் சுவரும் உள்ள குழாய் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சாதாரண எஃகுதான். குழாயின் எடை கால் பங்குதான் கூடுதல், விறைப்போ 4 மடங்கு. ஆஃப்ரோடு வண்டிகளில் ஒன்றேகால் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று கால் அங்குலச் சுவர் உள்ள குழாயைப் போடுவது இதற்காகத்தான்.

அடுத்து குரோமோலியா (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) சாதாரண எஃகா என்ற சண்டை. இரண்டின் விறைப்பும் ஏறக்குறைய ஒன்றே, ஒரே அளவுக் குழாய் ஒரே சுமைக்கு ஒரே அளவுதான் வளையும். வித்தியாசம் எங்கே என்றால், குரோமோலி இன்னும் அதிகம் வளைந்த பிறகும் பழைய வடிவத்துக்குத் திரும்பும், சாதாரண எஃகு அதற்கு முன்பே நிரந்தரமாகக் கோணிவிடும். கல்லில் நேரடியாக அடிபடும் இடத்தில் இருக்கும் டை ராட்டுக்கு அந்தக் குணம் உதவும். மேலே பத்திரமாக இருக்கும் டிராக் லிங்குக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். தடியான அலுமினியக் கம்பிகளும் வருகின்றன. அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால்தான் அவை அவ்வளவு பருமனாக இருக்கின்றன. அடிபட்டால் வில் மாதிரி வளைந்து திரும்பும். இடம் இருந்தால் நல்ல தேர்வுதான்.

முனைகளுக்கு டை ராட் எண்டா, ஹைம் ஜாயிண்டா (நடுவில் போல்ட் போகும் ஓட்டையுள்ள, திறந்த உருண்டை மூட்டு)? சாலையிலும் ஓடும் வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு டை ராட் எண்ட். ரப்பர் பூட் இருக்கிறது, உள்ளே கிரீஸ் இருக்கிறது, சேறும் மணலும் போகாது. அதன் டேப்பர் ஸ்டட், அதாவது ஒரு பக்கம் சிறுத்துப் போகும் மரைத் தண்டு, நக்கிளில் ஆப்பு மாதிரி இறுகி உட்காரும், ஆட்டம் பிடிக்காது. ஹைம் ஜாயிண்ட் அழகாக இருக்கும், அதிகக் கோணம் கொடுக்கும், கழற்றி மாட்டச் சுலபம். ஆனால் திறந்த மூட்டு என்பதால் சேற்றில் சீக்கிரம் தேய்ந்து கடகடக்கும். அதை ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு கொடுத்து ஒற்றை போல்ட்டில் தொங்கவிட்டால் அந்த போல்ட் வளைந்து வளைந்து ஒருநாள் முறியும். போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் தகடு வைத்து நடுவில் பிடிக்கும்படி செய்யுங்கள்.

கனமான வண்டிகளின் பெரிய டை ராட் எண்டை இலகுவான ஆக்சிலில் போடுவது பழைய, நல்ல வழி. நக்கிளின் ஓட்டையை அதற்கேற்ற டேப்பர் ரீமர் கொண்டு பெரிதாக்க வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். உதிரியாக எங்கும் கிடைக்கும் எண்டையே தேர்ந்தெடுங்கள். தனியாகத் தருவித்தால்தான் கிடைக்கும் என்றால் அது எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை.

கோணம்: நான் செய்த தப்பு

வண்டியை உயர்த்தியதும் டிராக் லிங்க் சரிவாகத் தொங்கியது. அதைத் தட்டையாக்க, முனை கீழே இறங்கியிருக்கும் பிட்மேன் ஆர்மைப் போட்டேன், பன்ஹார்ட் ராட்டைத் தொடவே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டீரிங் தானாக ஒரு பக்கம் இழுத்தது. கை வைக்காமலேயே வண்டி ஓரத்துக்குப் போகும், பயமாக இருந்தது.

ஆக்சில் மேலும் கீழும் போகும்போது பன்ஹார்ட் ராட் அதை ஒரு வளைவுப் பாதையில் இழுக்கிறது. டிராக் லிங்க் தன் பங்குக்கு இன்னொரு வளைவில் நகர்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே சரிவு என்றால் சேர்ந்தே நகரும், ஸ்டீரிங் சும்மா இருக்கும். சரிவு வேறுபட்டால் அந்த வித்தியாசம் முழுவதும் நக்கிளைத் திருப்புவதில் போய் முடியும். எனவே ஒன்றை இறக்கினால் மற்றதையும் இறக்க வேண்டும், ஒன்றை ஏற்றினால் மற்றதையும் ஏற்ற வேண்டும். வண்டியின் முன்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து இரண்டு கம்பியையும் பாருங்கள், இரண்டும் தண்டவாளம் மாதிரி இணையாகத் தெரிய வேண்டும்.

பட்டை ஸ்பிரிங் வண்டியில் பெரும்பாலும் பன்ஹார்ட் ராட் கிடையாது. அங்கே டிராக் லிங்க் எவ்வளவு நீளமாகவும் தட்டையாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சில பழைய வண்டிகளில் டிராக் லிங்க் சேசிஸுக்கு இணையாக முன்பின் தள்ளும், சஸ்பென்ஷன் நன்றாக மடங்கும்போது அது பெரிய தொல்லை. அதைக் குறுக்கே ஓடும்படி மாற்றுவது பெரிய வேலை, ஆனால் மாற்றியவர் யாரும் திரும்பிப் போனதாக நான் பார்த்ததில்லை.

கீழே இறங்கிய பிட்மேன் ஆர்ம் இன்னொரு விதத்திலும் கெடுதல், பாக்ஸின் ஷாஃப்ட்டை அது அதிக நெம்புகோல் பலத்தோடு வளைக்கப் பார்க்கும். அதைவிட நல்ல வழி, டை ராட்டையும் டிராக் லிங்கையும் நக்கிளுக்கு மேலே ஏற்றிவிடுவது. கோணமும் சரியாகும், கல்லிலிருந்து கம்பியும் தப்பும். ஆனால் மேலே ஏற்றிய கம்பி, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது ஸ்பிரிங், டிஃப்ரன்ஷியல் ஹவுசிங், ஆயில் சம்ப் எதிலாவது முட்டுமா என்று பார்த்த பிறகே துளை போடுங்கள். முடிந்தால் ஸ்பிரிங்கைக் கழற்றி ஆக்சிலை அதன் தடுப்பு வரை மேலே தூக்கி, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள்.

மாட்டும் வேலை

ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீரிங்கை நேராக வைத்து, பழைய டை ராட்டின் இரு ஸ்டட் மையங்களுக்கு நடுவே உள்ள நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். வளைந்த கம்பி என்றால் இந்த அளவு பொய் சொல்லும், நக்கிளிலிருந்து நக்கிளுக்கு அளந்துகொள்ளுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

ஸ்ப்ளிட் பின்னை உருவி, அது பூட்டியிருந்த காசில் நட்டை (மேல் விளிம்பில் வெட்டுகள் உள்ள நட்டு) தளர்த்தி, முழுக்கக் கழற்றாமல் நாலு மரை விட்டு வையுங்கள். ஸ்டட்டை மேலிருந்து அடிக்காதீர்கள். நக்கிளில் அந்த டேப்பர் ஓட்டை இருக்கும் கண்ணின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி. வட்டமான கண் ஒரு கணம் நசுங்கி விரியும், ஸ்டட் 'டொப்'பென்று விழும், நட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். பிட்மேன் ஆர்முக்கு மட்டும் இந்த வைத்தியம் கூடாது, அங்கே அடித்தால் பாக்ஸுக்குள் அடி இறங்கும். அதற்கென்று இருக்கும் புல்லரையே போடுங்கள்.

ரீமர் வேலைக்குப் பொறுமை வேண்டும். மெதுவான வேகம், நிறைய கட்டிங் ஆயில், பத்து விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி புது ஸ்டட்டைப் போட்டுப் பார்ப்பது. நட்டை முறுக்கியபின் ஸ்ப்ளிட் பின் ஓட்டை காசில் நட்டின் வெட்டுக்குள் வர வேண்டும். குறைவாகக் குடைந்தால் இன்னும் குடையலாம். அதிகமாகக் குடைந்துவிட்டால் ஸ்டட் உள்ளே இறங்கி, நட்டு மரை முடியும் இடத்தில் முட்டி, இறுகியதுபோல நடிக்கும். அந்த நக்கிள் அவ்வளவுதான். கம்பியைக் கீழிருந்து மேலே மாற்றுகிறீர்கள் என்றால் டேப்பரின் திசையே தலைகீழாகும், பழைய ஓட்டையை நேராகத் துளைத்து, டேப்பர் உள்ள சிலீவ் ஒன்றைப் போட வேண்டும். நக்கிளைச் சூடாக்கி வளைப்பது, அதில் ஏதாவது வெல்டு செய்வது, இந்த யோசனையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

புதுக் கம்பியில் ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை. இரு எண்டுகளையும் சமமாக உள்ளே திருகுங்கள். மரையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும், 22 மில்லிமீட்டர் மரை என்றால் குறைந்தது 33 மில்லிமீட்டர். மரை துருப்பிடித்து இறுகாமல் காக்கும் கிரீஸ் தடவுங்கள், இரண்டு வருடம் கழித்து நீங்களே உங்களுக்கு நன்றி சொல்வீர்கள்.

காசில் நட்டை உங்கள் வண்டியின் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். பின் ஓட்டை நேராக வரவில்லையா, இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், ஓட்டைக்காக ஒருபோதும் தளர்த்தாதீர்கள். பழைய ஸ்ப்ளிட் பின்னைத் திரும்பப் போடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

எண்டைக் கம்பியோடு பூட்டும் லாக் நட்டை இறுக்கும்முன் டை ராட்டைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கள். இரண்டு எண்டும் ஒரே பக்கம் சாயும்படி, உருட்டல் இரு பக்கமும் சமமாக இருக்கும்படி நிறுத்தி இறுக்குங்கள். ஒன்று முழுக்க முன்னாலும் மற்றது முழுக்கப் பின்னாலும் சாய்ந்து நின்றால் ஆக்சில் மடங்கும்போது மூட்டு முட்டி ஸ்டட் முறியலாம். பலர் தவறவிடும் இடம் இதுதான்.

டோ, மையம்

டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது இரு முன் சக்கரங்களும் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு. அதை வைக்க மெஷின் அவசியமில்லை. சக்கரத்தைச் சுற்றவிட்டு, டயரின் நடுவில் ஓர் ஆணியால் மெல்லிய கோடு கிழியுங்கள், இரண்டு டயரிலும். வண்டியை இறக்கி, ஒரு வண்டி நீளம் முன்னே தள்ளி நிறுத்துங்கள். ஆக்சில் உயரத்தில் முன்பக்கம் கோட்டுக்குக் கோடு அளவு, பிறகு பின்பக்கம். முன்பக்கம் 2, 3 மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். டை ராட்டைத் திருகினால் டோ மாறும்.

அடுத்து பாக்ஸின் மையம். ஸ்டீரிங் பாக்ஸ் மையத்தில் இருக்கும்போதுதான் உள்ளே பற்கள் மிக இறுக்கமாகப் பொருந்தும், அங்கிருந்து விலகினால் கொஞ்சம் தளர்வு. டிராக் லிங்கைக் கழற்றிய நிலையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள். சக்கரங்களை நேராக்கி, அதற்கேற்ப டிராக் லிங்கின் நீளத்தை வைத்து மாட்டுங்கள். ஸ்டீரிங் வீல் கோணலாக இருக்கிறதே என்று வீலைக் கழற்றி வேறு பல்லில் போடுவது குறுக்கு வழி, பாக்ஸ் மையம் தவறியே இருக்கும். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் உள்ள வண்டிகளில் ஸ்டீரிங் கோண சென்சாரையும் மறுபடி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். பாக்ஸையே கழற்றுகிறீர்கள் என்றால் ஸ்டீரிங் வீலைக் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் ஏர்பேக் வயர் சுருள் அறுந்துவிடும்.

பாக்ஸும் எண்ணெயும்

டை ராட்டைத் தடியாக்கியவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது, முதலில் சொன்ன விரிசல் கதை இதனால்தான். பாக்ஸ் இருக்கும் இடத்தில் சேசிஸுக்கு உட்பக்கமும் வெளிப்பக்கமும் தகடு வைத்து, போல்ட்டுகள் கடந்து போகும் இடத்தில் குழாய் வைத்து வெல்டு செய்தால், போல்ட்டை இறுக்கும்போது சேசிஸ் பெட்டி நசுங்காது. பிட்மேன் ஷாஃப்ட்டின் கீழ் முனையைப் பேரிங் வைத்துப் பிடிக்கும் பிரேஸ் சில வண்டிகளுக்குக் கிடைக்கும், பெரிய டயர் போட்டிருந்தால் வாங்குங்கள். வெல்டிங் கைவராதவர்கள் இந்த இடத்தில் பழகாதீர்கள், நல்ல வெல்டரிடம் கொடுங்கள்.

பெரிய டயரைக் கற்களுக்கு நடுவே திருப்பும்போது பவர் ஸ்டீரிங் எண்ணெய் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். திரும்பி வரும் குழாயில் ஒரு சின்ன கூலர் வைத்தால் பம்ப்பின் ஆயுள் கூடும். செலவுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் இந்தப் பட்டியலிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். ஸ்டீரிங்கைக் கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காத பழக்கமும் அதே அளவு உதவும், அதற்குச் செலவும் இல்லை.

காற்று எடுப்பது: முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கி, இஞ்சினை நிறுத்திய நிலையில், கோடி முதல் கோடி வரை மெதுவாக இருபது முறையாவது திருப்புங்கள். எண்ணெய் குறையக் குறைய ஊற்றுங்கள். குமிழி நின்றபின் இஞ்சினை ஓடவிட்டு இன்னும் சில முறை. எண்ணெய் நுரைத்துப் பால் நிறமானால் நிறுத்தி ஒரு மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி. கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

மிகப் பெரிய டயர் என்றால் டை ராட்டோடு சேர்த்து ஹைட்ராலிக் ராம் (எண்ணெய் அழுத்தத்தால் தள்ளும் சிலிண்டர்) வைக்கும் முறை இருக்கிறது. பாக்ஸில் இரண்டு துளை போட்டு அதன் அழுத்தத்தையே ராமுக்கும் பகிர்வார்கள், பாக்ஸின் சுமை பாதிக்கு மேல் குறைந்ததுபோல உணர்வீர்கள். ராம் கடைசி வரை நீள்வதற்கு முன் நக்கிளின் ஸ்டாப் தொட வேண்டும், இல்லாவிட்டால் ராமே தன் பிராக்கெட்டைப் பிய்த்துவிடும். பாக்ஸே இல்லாமல் முழுக்க எண்ணெயால் திருப்பும் முறையில் ஸ்டீரிங்குக்கும் சக்கரத்துக்கும் இரும்புத் தொடர்பே கிடையாது. ஒரு குழாய் வெடித்தால் கையில் ஒன்றுமில்லை. சாலையில் ஓடும் வண்டிக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். பொதுவாகவே, ஸ்டீரிங்கில் என்னென்ன மாற்றம் அனுமதி, இன்சூரன்ஸ் என்ன சொல்கிறது என்று உங்கள் இடத்துச் சட்டத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் வண்டிகளுக்கு

ராக் ஸ்டீரிங் (பாக்ஸுக்குப் பதில், இடம் வலமாக நகரும் பல் வெட்டிய தண்டு) என்றால் வளைவது பெரும்பாலும் உள் டை ராட்டின் மெல்லிய மரைப் பகுதி. அதன்மேல் மாட்டும் தடித்த சிலீவ் மலிவு, வேலையும் செய்யும். ஆனால் மறுபடி அதே கேள்விதான்: டை ராட் வளையாவிட்டால் அடுத்து வளைவது ராக்கின் உள் தண்டு, அது பல மடங்கு விலை. அதனால் சிலீவோடு நிறுத்திக்கொண்டு, உதிரி டை ராட் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ராக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் நைந்திருந்தால் மாற்றுங்கள். பழைய பாக்ஸ் வகை பிக்கப் என்றால், பிட்மேன் ஆர்முக்கு எதிர்ப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம்தான் முதல் குற்றவாளி, அதை நல்லதாக மாற்றி, அதற்கும் ஒரு தாங்கு வைத்தால் பாதி அலைச்சல் போய்விடும்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் காலி இடத்தில் நடை வேகம், இரண்டு பக்கமும் முழுத் திருப்பம், பிரேக். பிரேக் குழாய் எதிலும் உரசவில்லையே என்று பாருங்கள். பிறகு மெதுவாக வேகம் கூட்டுங்கள். திருப்பிய பின் ஸ்டீரிங் தானாக நேருக்கு வரவில்லை என்றால் கேஸ்டர் குறைவு, உயர்த்திய வண்டிகளில் சகஜம். 50 கிலோமீட்டர் கழித்து எல்லா லாக் நட்டுகளையும் பன்ஹார்ட் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள், முதல் ஆஃப்ரோடு பயணம் முடிந்து இன்னொரு முறை. இறுக்கியதும் நட்டின் மேல் தொடங்கிக் கம்பி வரை ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிட்டால் அடுத்த முறை குனிந்து பார்த்தாலே போதும், கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.

என் பெட்டியில் இப்போது இருப்பது: வலது மரை ஒன்று, இடது மரை ஒன்று என்று இரண்டு டை ராட் எண்ட், ஒரு பிடி ஸ்ப்ளிட் பின், லாக் நட்டுக்கான பெரிய ஸ்பானர், ஒரு லிட்டர் பவர் ஸ்டீரிங் எண்ணெய், அப்புறம் அன்று மிதித்து நிமிர்த்தினேனே, அந்தப் பழைய டை ராட். இன்னும் லேசாகக் கோணல்தான், ஆனாலும் வீடு வந்து சேர அது போதும்.